வண்டிக்கு வரிச்சலுகை, பிளக்குக்கு அலைச்சல்



மின்சாரக் கார் நமக்கு ஒத்துவருமா, சி.என்.ஜி. தேவலையா என்று வாசகர்கள் சண்டை போடுவதைப் படித்து வருகிறேன். ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், எட்டு வருஷம் கழித்து பேட்டரி என்ன ஆகும் என்பதே பேச்சு. ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் இருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. எனக்கென்று எழுதிக் கொடுத்த பார்க்கிங் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக், அதற்குத் தனி மீட்டர், இவ்வளவுதான் கேட்டேன். "தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்றது சங்கம். பக்கத்தில் வரிசையாக நிற்கும் கார்களின் டேங்கில் இருப்பதென்ன, இளநீரா? கரண்ட் ஆபீசுக்குப் போனால், சங்கத்தின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் வேண்டுமாம். மின் நுகர்வோர் உரிமை விதிகளை 2024 பிப்ரவரியிலேயே மத்திய அரசு திருத்தி, மின்வாகன சார்ஜிங்குக்குத் தனி இணைப்பு பெறலாம் என்று சொல்லிவிட்டது. அந்த விதி கவுன்டர் வரை வந்து சேரவில்லை போலும்.

வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்துக்கொள்ளலாமே என்பார்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளின் மலிவு விலையும் கைவிட்டுப் போகும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்கே இரண்டு மாதத்தில் சுமார் 280 யூனிட் ஆகும். எதிர் பிளாக்கில் ஒருவர் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து ஸ்கூட்டருக்கு ஒயர் தொங்கவிட்டிருக்கிறார். நடுவில் ஒரு ஜாயின்ட், அதன்மேல் கறுப்பு டேப், ஐப்பசி மழையிலும் அப்படியேதான். முறையாகக் கேட்பவனுக்கு இணைப்பு மறுத்தால் இப்படித்தான் நடக்கும். ஆபத்து என்றால் இதுவல்லவா ஆபத்து?

என் மைத்துனர் சி.என்.ஜி. கார் வைத்திருக்கிறார். டிக்கியில் சிலிண்டர் போக ஒரு சூட்கேஸ் நுழையாது. பங்க்கில் கூட்டம் சேர்ந்தால் பிரஷர் இறங்கி முழுதாக நிரம்புவதில்லை. மூன்று வருஷத்துக்கொரு முறை ஹைட்ரோ டெஸ்ட் வேறு. நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதி என்பதும் நினைவிருக்கட்டும். ஆனாலும் அவர் யாரிடமும் கடிதம் வாங்க அலைய வேண்டியதில்லை, ஜெயித்துவிட்டார்! எத்தனாலுக்கோ நம் சம்மதத்தையே யாரும் கேட்கவில்லை, பெட்ரோலில் 20 சதவீதம் கலந்தே வருகிறது. 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைத்த பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. ஹைட்ரஜன் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, அழுத்தி அடைத்து, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக்குவதற்குள் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

நகரத்துக்குள் ஓட்டுகிறவனுக்கு இவை எல்லாவற்றையும்விட மின்சாரக் காரே தோது. தினம் 40 கிலோமீட்டருக்கு ஆறேழு யூனிட் போதும், அதைச் சாதாரண பிளக் இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். வண்டியோ ராத்திரி முழுக்க சும்மா நிற்கிறது. மத்திய அரசோ பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங் நிலையங்களுக்கு 2,000 கோடி ஒதுக்கியிருக்கிறது. நெடுஞ்சாலையில் அவை வேண்டும்தான். ஆனால் காருக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வாங்குகிற அதே அரசு, பொது நிலையத்தில் சார்ஜ் ஏற்றும் சேவைக்கு 18 சதவீதம் வாங்குகிறது. வீட்டில் பிளக் கிடைக்காதவன்தான் அதைக் கட்டுகிறான்.

பார்க்கிங் உரிமைக்கான பத்திர நகலும் ஒயரிங் பரிசோதனையும் போதும், சங்கக் கடிதம் தேவையில்லை என்று எல்லா மின் அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை போகட்டும். இத்தனை நாளுக்குள் இணைப்பு என்று கெடுவும் வைக்கட்டும். வாடகை வீட்டுக்காரர்கள், தெருவில் நிறுத்துகிறவர்கள் பாடு என்னைவிட மோசம். தெருவிளக்குக் கம்பத்தை ஒட்டி மெதுவாக ஏற்றும் சார்ஜர்கள் வைக்க முடியுமா என்பதற்கு மாநகராட்சியும் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர், சென்னை