பழைய ஏடுகளுக்கு ஓர் அட்டவணை வேண்டும்

2013 மலேசியப் பொதுத்தேர்தலில் நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்டிருந்த நாடாளுமன்றத் தொகுதி சிலாங்கூரிலுள்ள நம் காப்பார். பதிவு பெற்றிருந்தவர்கள் 144,159 பேர். அதே தேர்தலில் புத்ராஜெயாவில் 15,791 பேர்தான். இரண்டுக்கும் தலா ஓர் உறுப்பினர் என்பதால், புத்ராஜெயாக்காரர் ஒருவரின் வாக்குக்குக் காப்பார்க்காரர் ஒன்பது பேரின் வாக்கு ஈடாயிற்று. இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது என்று எழுத உட்காரும் எஸ்.டி.பி.எம். மாணவருக்கோ பல்கலைக்கழக மாணவருக்கோ இன்று அதிகச் சிரமமில்லை. ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று 1957 அரசியலமைப்பில் இருந்த கட்டு 1962-இல் தளர்த்தப்பட்டது; 1973-இல் வரம்பே எடுக்கப்பட்டது. அன்றைய விவாதங்களை நாடாளுமன்ற இணையத்தளத்தில், 1959 முதல் வரிசையாக வைக்கப்பட்டுள்ள ஹன்சார்டில் படிக்கலாம். 1955 தொட்டு நடந்த தேர்தல்களின் முடிவுகளைத் தொகுதிவாரியாகத் தரும் தளம் இருக்கிறது. திண்டாக் மலேசியா அமைப்பு தொகுதி எல்லைகளை வரைபடமாக்கி வைத்திருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் காவாசான்கு பக்கத்தில் காப்பாரைத் தேர்ந்தெடுத்தால் யார் வாழ்கிறார்கள், என்ன வருமானம் என்பது வரை வந்து நிற்கும். கைப்பேசியும் ஒரு வாரப் பொறுமையும் போதும்.

இதில் ஒரே ஓர் எச்சரிக்கை. 2018 எல்லைச் சீரமைப்புக்கு முந்திய காப்பாரும் பிந்திய காப்பாரும் பெயரளவில்தான் ஒன்று. வரைபடத்தைப் பார்க்காமல் இரண்டு தேர்தல் முடிவுகளையும் அருகருகே வைத்து, மக்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று எழுதுவது பல கட்டுரைகளில் காணும் பிழை. ஆனால் இது வழிகாட்டியால் தீர்க்கக்கூடிய குறை. சான்று கிடைக்கிறது, அதைக் கையாளத் தெரிந்தால் போதும். சான்றே கைக்கு வராத இடம் ஒன்று உண்டு. அது தமிழர் அரசியலைத் தமிழர் வாய்மொழியாக அறியும் இடம்.

காப்பார் அடங்கிய இதே கிள்ளான் மாவட்டத்தில் 1941 மார்ச் முதல் மே வரை நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று. கள்ளுக்கடைகளை மூடவேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும், பெண்களிடம் தவறாக நடப்பது நிற்கவேண்டும், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். வெறும் கூலிப் பிரச்சினை என்று சுருக்க முடியாத பட்டியல் இது. மரியாதை கேட்ட அரசியல். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தார்கள். மலேசிய இந்தியர் அரசியலின் தொடக்கங்களுள் ஒன்றாக இதைக் கருதும் ஆய்வாளர் பலர்.

இதை ஆராய என்ன கிடைக்கிறது? சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 தொட்டு இருக்கிறது; கிள்ளான் என்று ஆங்கிலத்தில் இட்டு ஆண்டைக் கொடுத்தால் செய்திகள் வந்து விழும். குடியேற்ற அலுவலகக் கோப்புகள் லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கோப்பின் தலைப்பை இணையத்தில் தேடலாம், பெரும்பாலானவற்றைப் படிக்க நேரில் போகவேண்டும். அந்தக் காப்பகம் இருக்கும், ஜாலான் டூத்தா என்றே இன்னும் நம் வாயில் வரும் ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமுக்குக் காப்பாரிலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும், அவ்வளவுதான். மைக்கேல் ஸ்டென்சனின் 1980-ஆம் ஆண்டு நூலும் சின்னப்பா அரசரத்தினத்தின் 1970-ஆம் ஆண்டு நூலும் பல்கலைக்கழக நூலகங்களில் உண்டு. இவற்றைக் கொண்டு ஒரு நல்ல கட்டுரை எழுதிவிடலாம். ஆனால் நாதன் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்காரர், தமிழ் நேசனில் பணியாற்றியவர். அவர் வேலை பார்த்த ஏடு அந்த மூன்று மாதமும் என்ன எழுதியது, எந்தத் தோட்டத்திலிருந்து யார் கடிதம் போட்டார்கள், எந்தச் சொல்லால் தொழிலாளரை அழைத்தது என்பதை ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸைத் தேடுவதுபோல் தேட முடியாது. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன அந்த நாளிதழுக்கு, நாள்வாரியாக எதில் என்ன இருக்கிறது என்று சொல்லும் பொது அட்டவணைகூட இல்லை.

இதன் விளைவு சாதாரணமானதன்று. எது எளிதில் கிடைக்கிறதோ அதுவே ஆய்வின் முடிவையும் தீர்மானித்துவிடுகிறது. குடியேற்ற ஆட்சியின் தாள்கள் அந்தப் போராட்டத்தை வெளியாரின் தூண்டுதலாகப் பார்த்தன. அவற்றை மட்டும் படிப்பவர் அந்தப் பார்வையை மறுக்கும்போதும் அதன் கேள்விகளுக்கே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நாதன் யார், பின்னால் இருந்த அமைப்பு எது, காங்கிரஸ் தொடர்பு உண்டா என்பவை போலீஸ்காரனின் கேள்விகள். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவன் தன் மறுப்பை எப்படிச் சொன்னான் என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு தாள் வேண்டும். பிற்காலத்துக்கும் இதே கதைதான். ஹன்சார்டில் ஆங்கிலமும் மலாயும் உண்டு; மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் அவையில் பேசியதைப் படிக்கலாம். தோட்டத்து மேடையில் தமிழில் பேசியதைப் படிக்கத் தமிழ் ஏடுதான் கதி. தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சங்கமணி அந்த ஆண்டுகளைப் பதிந்த இதழ். அதை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் எத்தனை என்று பார்த்தால் நம் நிலைமை விளங்கும்.

நூலகத்தில் இருக்கும் தமிழ் நூலும் தேடுபவர் கண்ணில் படுவதில்லை என்பது இன்னொரு சிக்கல். பெரிய நூலகங்களின் பட்டியல் தமிழை அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி ரோமன் எழுத்தில் பதிவது வழக்கம். அந்த முறையில் சகரத்துக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து; ம்ப என்பதில் வரும் பகரத்துக்கும் ஆங்கிலப் பி (p) எழுத்து; ழகரத்துக்குக் கீழ்க்கோடிட்ட எல். நம் அடையாள அட்டை எழுத்துக்கூட்டலில் சம்பந்தன் என்று தட்டினால் ஆங்கில நூல்கள் வரும், தமிழில் எழுதியவை வராமல் போகலாம். ம.இ.கா. தலைவராக இருந்த வீ. மாணிக்கவாசகமும், 2008-இல் காப்பாரில் வென்ற எஸ். மாணிக்கவாசகமும் ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் அறியப்படுபவர்கள். ஒருவரைத் தேடி மற்றவரை எடுத்துக்கொண்டு போவதும் நடக்கும். தமிழ் எழுத்திலும், இந்நாட்டில் வழங்கும் எழுத்துக்கூட்டலிலும் ஒரு மாற்றுப் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. இதைச் செய்யத் தமிழ் தெரிந்த நூலகர் வேண்டும். அந்தப் பதவிக்கு நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளை அனுப்ப நினைக்கிறோம் என்பது வேறு விஷயம்.

இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, கேட்டால் சொல்லிவிடுமே என்பார்கள். அது கணினிக்குள் போன எழுத்திலிருந்து பேசுகிறது; தமிழ் நேசனின் 1941 இதழ் அதற்குள் போயிருந்தால்தானே அதிலிருந்து சொல்லும்? போகாததைப் பற்றிக் கேட்டால் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் பார்வையைத் தமிழில் தரும், இல்லையேல் இல்லாத இதழுக்குத் தேதி போட்டுத் தரும். தமிழ் விக்கிப்பீடியாவில் காப்பார் உள்ளிட்ட மலேசியத் தொகுதிகளுக்குக் கட்டுரைகள் இருக்கின்றன. தன்னார்வலர்களின் உழைப்பு அது, பாராட்டத்தக்கது. ஆயினும் விக்கிக் கட்டுரை நிற்பது அடிக்குறிப்பின்மேல். அடிக்குறிப்பில் போடத் தமிழ் மூலம் இல்லாதபோது தமிழில் எழுதிய கட்டுரையும் ஆங்கிலச் செய்தித்தளத்தையே சாட்சிக்கு அழைக்கிறது.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நம் ஏடுகள் கட்சிக்காரர்களின் ஏடுகள், ஒரு தலைவரைத் தூக்கவும் மற்றவரை இறக்கவும் அச்சானவை, அவற்றை எப்படிச் சான்றாகக் கொள்வது என்பது. உண்மைதான். தமிழ் நேசனே கடைசிப் பல ஆண்டுகள் ம.இ.கா. தலைவராக இருந்த ச. சாமிவேலுவின் குடும்பத்தின் கையில் இருந்தது. அந்தக் காலத்து ம.இ.கா. செய்திகளை அப்படியே நம்புகிறவன் ஆய்வாளன் ஆகமாட்டான். ஆனால் சார்பில்லாத தாள் என்று ஒன்று அரசியலில் எங்கே இருக்கிறது? குடியேற்ற ஆட்சியின் கோப்பு முதலாளி பக்கம் சாய்ந்தது, அமைச்சின் அறிக்கை அமைச்சர் பக்கம் சாய்கிறது. எதிரெதிர் முகாம் ஏடுகளை ஒரே நாளுக்கு அருகருகே வைத்துப் படிப்பதுதான் அரசியல் அறிவியலின் பாலபாடம். ஒரு கூட்டத்துக்கு வந்தவர்களை ஓர் ஏடு ஆயிரம் என்றும் மற்றது நூறு என்றும் எழுதியிருந்தால், அந்தத் தொள்ளாயிரம்தான் ஆய்வுப் பொருள்.

பணத்துக்கும் உரிமைக்கும் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு அயலில் இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. போர் முடியாத காலத்திலேயே, 2005-இல், தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகம் இலங்கைத் தமிழரின் நூல், இதழ், பத்திரிகை, துண்டறிக்கை வரை ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்துவிட்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரியக் கண்ட சமூகம், தாளை ஓரிடத்தில் மட்டும் வைப்பதன் ஆபத்தை நம்மைவிட நன்றாக அறியும். சிங்கப்பூரில் 2015-இல் நாட்டின் பொன்விழா ஆண்டை ஒட்டித் தமிழ்ச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து, எழுத்தாளர்களிடம் ஒப்புதல் பெற்று, 50 ஆண்டு இலக்கிய நூல்களை மின்வடிவாக்கின. அங்கே வேலை நடந்ததற்குக் காரணம் அரசு முதலில் பணம் கொடுத்தது என்பதைவிட, பட்டியலோடு போய்க் கதவைத் தட்ட ஒரு குழு இருந்தது என்பதே. பதிப்புரிமையைப் பொறுத்தவரை, நம் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியவர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை தருகிறது. பெயரின்றி வந்த எழுத்துக்கு வெளியீட்டுக்குப் பின் 50 ஆண்டு. 1941-இல் பெயரில்லாமல் வந்த செய்திக்கும் தலையங்கத்துக்கும் இந்தத் தடை எப்போதோ தீர்ந்தது.

அதனால் நான் கேட்பது ஏடு முழுவதையும் மின்வடிவாக்கும் பெருந்திட்டத்தை அன்று. அது வரும்போது வரட்டும். முதலில் அட்டவணை. தேதி, பக்கம், தலைப்பு, குறிப்பிடப்படும் ஊர், ஆள் பெயர், எந்த நூலகத்தில் எந்த நுண்படச்சுருளில் இருக்கிறது என்ற இத்தனையும் ஒரு செய்திக்கு ஒரே வரி. இதைக் குறித்து வைக்க எவருடைய உரிமமும் தேவையில்லை. 1956 முதல் இந்திய ஆய்வியல் துறையை வைத்திருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம், மாணவருக்கு ஆளுக்கொரு மாத இதழ்களைப் பிரித்துக் கொடுத்து இதைப் பாடப்பணியாகவே ஆக்கலாம். மாணவருக்கும் இலாபம், பழைய ஏட்டை நேரில் புரட்டிப் பழகுவதுபோல் ஆய்வுமுறையைக் கற்பிக்கும் வகுப்பு வேறில்லை. தமிழ் வரியோடு மலாய் வரியும் சேர்ந்தால் தமிழ் தெரியாத ஆய்வாளரும் 1941-ஐக் கோப்புகளுக்கு வெளியே தேட வருவார். எங்கள் பிள்ளைகள் ஆய்வேட்டை மலாயில்தானே எழுதுகிறார்கள், தமிழ் மூலத்தால் யாருக்குப் பயன் என்ற கேள்விக்கும் அதுவே விடை. சிலாங்கூர்ப் பொது நூலகக் கழகம் கிள்ளான் மாவட்டத்துக்கென ஒரு வட்டாரச் சேகரிப்பைத் திறந்தால், கோயில் கமிட்டி, கட்சிக் கிளை, தோட்டச் சங்கம் ஆகியவற்றின் கூட்டக் குறிப்பேடுகளை ஒப்படைக்க ஓர் இடம் இருக்கும். இன்று அவை செயலாளர் மாறும்போது பழைய செயலாளர் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன, வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போகின்றன.

அரசின் பக்கம் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதையும் சரியாகப் பயன்படுத்தவில்லை. கூட்டரசில் இன்னும் தகவல் சுதந்திரச் சட்டம் இல்லை. அதிகாரத்துவ இரகசியச் சட்டம்தான் 1972 முதல் உண்டு. சிலாங்கூரில் 2011-இலேயே தகவல் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் எவரும் மனுப் போட்டுத் தகவல் கேட்கலாம். காப்பார்த் தோட்டம் எப்போது வீடமைப்பு நிலமானது, இடுகாட்டுக்கு ஒதுக்கிய ஏக்கர் எங்கே போனது என்று ஆராயும் மாணவர் நில அலுவலகத்துக்கும் கிள்ளான் மன்றத்துக்கும் அந்த மனுவை எழுதிப் பார்க்கலாம். மறுத்தாலும் மறுப்பு எழுத்தில் வரும், அதுவும் ஆய்வேட்டின் பின்னிணைப்புக்கு ஆகும். கிடைக்கும் பதிலைத் தமிழ் ஏட்டின் அதே ஆண்டுச் செய்தியோடு ஒப்பிடத்தான் அட்டவணை வேண்டும். எங்கே தொடங்குவது என்றால், 1941 மார்ச் முதல் மே வரை தமிழ் நேசனின் எந்தெந்த நாள் இதழ்கள் நாட்டிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். மூன்று மாணவர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலை.