வரைபடத்தில் எம் ஊரை எழுதுவது யார்?

நிலத்தை ஆள வந்தவன் முதலில் அதன் படத்தை வரைந்தான். ஆங்கிலேயர் 1800இல் நிறுவிய நில அளவைத் திணைக்களம் இன்றும் நிலைத்திருக்கிறது. படத்தில் உள்ளது ஊர், இல்லாதது காடு. இந்த நியதியின் கொடுமையை மன்னார் மக்கள் நன்கு அறிவர். 2017 மார்ச்சில் மாவில்லு காப்புக்காடு வர்த்தமானியில் பிரகடனமாயிற்று. 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின் மீண்டு வந்த முசலி மக்கள், தம் குடியிருப்பும் விளைநிலமும் அக்கோட்டுக்குள் அகப்பட்டன என்று மறிச்சுக்கட்டியில் வாரக்கணக்காக அமர்ந்து போராடினர்.

இன்று படம் வரையும் ஆற்றல் அரசின் கையில் மட்டும் இல்லை. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தை எவரும் வரையலாம், எவரும் எடுத்தாளலாம். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது தொண்டர்கள் தத்தம் நாட்டிலிருந்தே வரைந்த தெருக்கள் மீட்புப் பணியாளருக்கு வழிகாட்டின. மைக்ரோசொப்ட் கம்பனி தன் வான்படங்களைப் பார்த்து வரைய அவ்வாண்டிலேயே அனுமதி தந்தது. மெற்றா கம்பனி செயற்கை நுண்ணறிவால் வீதிகளைக் கண்டு தொண்டரிடம் தந்தது. 2022 டிசம்பரில் இவ்விரண்டும் அமேசன், ரொம்ரொம் கம்பனிகளும் சேர்ந்து ஓவர்ச்சர் என்னும் வரைபட அமைப்பையே நிறுவின.

இது தர்மமா? அன்று. கம்பனிகளின் வணிகத்துக்கு நல்ல படம் வேண்டும், ஆகவே வருகிறார்கள். அதனால் அவர்களை வெறுக்க வேண்டுமா? அதுவும் அன்று. குளக்கட்டைத் திருத்த வணிகர் மண் கொண்டு வந்தால் வேண்டாம் என்று எந்தக் கமக்காரரும் சொல்லார். ஆனால் துருசின் திறப்பை அவர் கையில் கொடுக்கவும் மாட்டார். நாம் சொல்வதும் இவ்வளவே.

வானிலிருந்து பார்க்கும் இயந்திரம் கூரையைக் காணும். அக்கூரையின் கீழ் இருப்பது பள்ளியா, படகுக் கொட்டிலா என்று அறியாது. பருவந்தோறும் வாடி அமைத்துத் தொழில் செய்யும் கரையை, பருவம் கழிந்தபின் வெறும் மணலாகக் காணும். தலைமுறை தலைமுறையாக ஆளப்படும் கரைவலைப் பாட்டின் எல்லை அதன் கண்ணுக்குத் தெரியுமா? கட்டுக்கரைக் குளத்து வாய்க்கால்களில் எது எவ்வயலுக்குப் பாய்கிறது என்பதை அது சொல்லுமா? வண்டி ஓட்டுவோருக்கு வீதி போதும். உழுவோருக்கு வாய்க்காலும் வேண்டும். 2025 நவம்பரில் டிட்வா புயலின் வெள்ளம் சூழ்ந்தபோது, மேட்டுநிலம் எது, படகு செல்லும் வழி எது என்பதே உயிர்க் கேள்வியாயிற்று. அதற்கு விடை அறிந்தவர் அவ்வூரார் அல்லரோ?

ஆகவே ஒத்துழைப்பை வரவேற்கும் நாம் மூன்றைக் கேட்கிறோம். முதலாவது, ஊர்ப்பெயரை ஊரவரே தமிழில் எழுத வேண்டும். இரண்டாவது, கூலிக்கு வரைவோர் தாம் யார், எதை வரைகிறோம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதனையே எதிர்பார்க்கின்றன. மூன்றாவது, இயந்திரம் வரைந்த கோட்டை நிலத்தில் நடந்து பார்த்தவரின் சொல்லே உறுதிப்படுத்த வேண்டும்.

சட்டம் பயின்றோர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் செய்கிறோம். திறந்த வரைபடம் காணி உறுதி ஆகாது. உறுதியையும் அனுமதிப் பத்திரத்தையும் பேழையில் பத்திரமாக வையுங்கள். ஆயினும், இங்கே ஊர் உண்டு, உழவு உண்டு, வாடி உண்டு என்று உலகறியச் சொல்ல அது உதவும்.

2012ஆம் ஆண்டளவில் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் உலக வங்கியும் இடர் முகாமைத்துவ நிலையமும் இத்தகைய பணியைத் தொடங்கின. மட்டக்களப்பில் இயன்றது மன்னாரில் இயலாதா? பேசாலையிலும் வங்காலையிலும் சிலாவத்துறையிலும் கமக்கார அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் பாடசாலைகளும் ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்கட்டும். முதியவர் பெயர் சொல்ல, இளையவர் கைபேசியில் பதியட்டும். நாம் எழுதாத படத்தைப் பிறர் எழுதுவர். அதில் எம் ஊர் இல்லையென்று பின்னர் அழுது பயனில்லை.