முடி கொட்டுகிறதா? ரத்தத்தைப் பாருங்கள்!

வடக்குத்தில் சுரங்க ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர் வீட்டிலும், முந்திரி உடைக்கிறவர் வீட்டிலும் இன்று கைபேசி இருக்கிறது. அதைத் திறந்தால் கூந்தல் விளம்பரம்! பயோட்டின் மாத்திரை தின்றால் முடி அடர்த்தியாக வளருமாம். ஒரு புட்டிக்கே ஒரு நாள் கூலி போய்விடும்.

பயோட்டின் என்பது என்ன? மல்லாட்டையிலும் முட்டையிலும் உள்ள ஒரு சத்து. ஒரு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 30, 40 மைக்ரோகிராம் போதும். இந்தச் சத்துக் குறைவு வெகு அபூர்வம். அப்படியிருக்க, பல புட்டிகளில் ஒரு மாத்திரைக்கு 10,000 மைக்ரோகிராம் அடைத்து விற்கிறார்கள். இது வீண் செலவு மட்டுமல்ல. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையையே தவறாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது.

முடி என்பது பெரும்பாலும் புரதம். புரதமும் இரும்புச் சத்தும் பற்றாதபோது, உடம்பு இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்குமே தவிர முடியைப் பார்க்காது. கடுங்காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பின் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவதை நம் பெண்கள் அறிவார்கள். பெரும்பாலும் அது தானே திரும்ப முளைத்துவிடும். இடையில் புட்டி வாங்கியவரோ, புட்டியால்தான் முளைத்தது என்று ஊரெல்லாம் சொல்கிறார். வியாபாரிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? (ஆண்களுக்கு முன்நெற்றி ஏறுவது பெரும்பாலும் பரம்பரை விஷயம், அதையும் இந்தப் புட்டி தீர்க்காது.)

சத்து மிஞ்சினாலும் ஆபத்துத்தான். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புல்டாணா ஜில்லாவில், 18 கிராமங்களில் 250 பேருக்கு மேல் சில நாட்களில் தலை மொட்டையானது. ரேஷன் கோதுமையில் மிகுந்திருந்த செலினியமே காரணம் என்று டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் கூறினார். அதே செலினியத்தைத்தான் முடி மாத்திரைகள் பலவற்றில் சேர்க்கிறார்கள்!

வழுக்கையைக் குணப்படுத்தும், புது முடி முளைக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது 1945-ம் வருஷத்து மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை. இந்தச் சரக்கோ 'உணவு' என்ற வேஷத்தில் வருகிறது.

உண்மையான பற்றாக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலச் சர்வேயின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்தசோகை. நெற்றி வேர்வை சிந்தி உலகுக்குச் சோறு போடுகிறவர்களின் உடம்பில் ரத்தம் இல்லை! முடி கொட்டுவது அதன் ஓர் அடையாளம். மூச்சு வாங்குவதும், களை பறிக்கையில் கண் இருட்டுவதும் மற்ற அடையாளங்கள். இவற்றைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது.

இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் ரத்தத்தைப் பரிசோதித்து, டாக்டர் சொன்னபடி அதைச் சாப்பிடுங்கள். ஆனால் பரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு! ஆகவே சர்க்காரை நாம் கேட்பது: சுரங்க வாசலுக்கும், முந்திரி உடைக்கும் கொட்டகைக்கும், நடவு வயலுக்கும் பரிசோதனை வர வேண்டும், அதற்காகும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது, ரேஷன் கடையில் அரிசியோடு பருப்பின் அளவையும் உயர்த்தி, முட்டையும் மல்லாட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.