பிசிறு நீங்கா எழுத்து

திருப்பூரில் எந்தப் பின்னலாடையும் ஒரே கையில், ஒரே மூச்சில் உருவாவதில்லை. நூல் பின்னலாகி, வெளுப்பும் சாயமும் பெற்று, அளவுக்கு வெட்டுண்டு, தையலேறி, பிசிறு நீங்கி, குறை பார்க்கப்பெற்ற பின்னரே மடிப்புக்குச் செல்கின்றது. ஆயின், அவ்வாடையைத் தைத்த தொழிலாளியின் பிள்ளை கல்லூரியில் எழுதும் கட்டுரையோ, முதல்நாள் இரவில் ஒரே அமர்வில் எழுதி, மறுமுறை படியாமலேயே ஒப்படைக்கப்பெறுகின்றது!

குறை அம்மாணவனுடையதன்று. விடைநூலை நெட்டுருச் செய்து எழுதவே பள்ளியில் அவன் பழக்கப்பெற்றான். எண்ணுதல், தொகுத்தல், வரைதல், திருத்துதல் என எழுத்துக்கும் படிகள் உண்டென எவரும் அவனுக்குக் காட்டிலர். கல்லூரியில் இடர்ப்படுங்கால், 'ஆய்வெழுத்துக்குத் தமிழ் ஏலாது' என்னும் பொய்யை அவன் எளிதில் நம்பிவிடுகின்றான். அவன் ஊக்கமும் மொழியின் மதிப்பும் ஒருங்கே சரிகின்றன.

ஏலாதது தமிழா? தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவிக்கப்பெற்றதெனப் பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. கொங்குநாட்டுச் சீனாபுரத்தவர் எனக் கருதப்பெறும் பவணந்தியார், 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலில், நூலுக்கு ஆகாத 10 குற்றங்களை வகுத்துரைத்தார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்பன அவற்றுட் சில. இன்று அவை தேர்வுக்கு ஒப்பிக்கும் பட்டியலாய்ச் சுருங்கிவிட்டன. எழுதிய வரைவை எதிரில் வைத்து, ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கும் உரைகல் அன்றோ அவை!

தனித்தமிழன்பர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. மாணவனின் முதல் வரைவில் அயற்சொல் கண்டவுடனே சிவப்பு மையால் அடித்தல், துணியை வெட்டுமுன்னரே பிசிறு தேடுவது போலாகும். கருத்துத் தெளிவு முன், வரிசை அடுத்து, சொற்களைவு அதன்பின். 1916இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கிய மறைமலையடிகளே, தம் முன்னை நூல்களைப் பின்னைப் பதிப்புகளில் அயற்சொல் களைந்து திருத்தினார். அப்பெருமகனார்க்கே திருத்தம் வேண்டியிருந்ததெனின், பதினெட்டு அகவை இளைஞன் முதன்முறையே பிழையற எழுதவேண்டும் என்பது என்ன முறை?

எனவே, ஆசிரியர்கள் நான்கு கட்டுரைகளை ஒவ்வொரு முறை எழுத வாங்குவதை விட்டு, ஒரே கட்டுரையை நான்கு முறை எழுதச் செய்க. முதன்முறை எண்ணத்திற்கு, இரண்டாம் முறை ஒழுங்கிற்கு, மூன்றாம் முறை சான்றிற்கு, நான்காம் முறை மொழிக்கு. இடையில் உடன்பயில்வோர் படித்து ஐயம் வினவுக. மதிப்பெண் இறுதிப் படிக்கு மட்டுமன்று, திருத்திய உழைப்புக்கும் வழங்கப்பெறுக.

தாய் தந்தையர் ஆடைக்கு ஆற்றும் பொறுமையைப் பிள்ளைகள் எழுத்துக்கும் ஆற்றுவாராக. அன்று தமிழ் ஏலாது என்பார் வாய் தானே அடங்கும்!