பாவைகளுக்கு வழி விடுக!

நமது நாட்டுக் கலைகளைப் பற்றி மேடையிலே பெருமை பேசாத பிரமுகர் இன்று ஒருவரும் இலர். அயல் தேசங்களில் விழா நடந்தால், நமது பாவைக்கூத்தை அங்கே அழைத்துச் சென்று காட்டுவதிலும் குறைவில்லை. ஆனால் அந்தப் பாவைகள் எவ்விதம் கடல் தாண்டிப் போகின்றன, வழியில் என்ன பாடுபடுகின்றன என்று விசாரித்தவர் எத்தனை பேர்? மேடையில் மாலை பெறும் கூத்துக்காரர், விமான நிலையத்து வாயிலில் அதிகச் சுமை கொண்டுவந்த குற்றவாளியைப் போல் நின்று தவிக்க நேரிடுகிறது. இந்த முரண்பாட்டைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

பாவை என்பது கடையில் வாங்கும் விளையாட்டுப் பொம்மையன்று. தோல்பாவைக் கலைஞர் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, விளக்கொளி ஊடுருவும்படி மெலிதாக்கி, உருவம் வரைந்து, நகைகளும் ஆடைமடிப்புகளும் தோன்றும்படி நுண்ணிய துளைகளிட்டு, வர்ணம் தீட்டுகிறார். தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பொம்மைகளோ இந்தியாவிலேயே மிகப் பெரியவை என்றும், மிகக் கனமானவை என்றும் பெயர் பெற்றவை. நாலரை அடி உயரமும் ஏறக்குறைய 10 கிலோ எடையும் உள்ள பொம்மைகளும் உண்டு. ஆட்டுவிப்பவர் தம் தலையில் இரும்பு வளையம் ஒன்றை அணிந்து, அதில் கட்டிய கயிறுகளாலும், கையில் பிடித்த கம்பிகளாலும் அவற்றை இயக்குகிறார். வீணை வித்துவானுக்கு வீணை எப்படியோ, அப்படியே இவர்களுக்குப் பாவை. அது தொழிற்கருவி, பல குடும்பங்களில் பாட்டனார் கையால் செய்த முதுசொம்.

இனி விமானக் கணக்கைப் பார்ப்போம். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பிரயாணிக்குப் பெரும்பாலும் 15 கிலோ சாமான்தான் இலவசம். கையோடு எடுத்துச் செல்ல 7 கிலோ. பொம்மை ஒன்றையும் அதைக் காக்கும் பெட்டியையும் தராசில் வைத்தால், அந்தப் 15 கிலோ அதோடு தீர்ந்து போகும். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு 75 கிலோ கிடைக்கிறது. பத்துப் பொம்மைகளின் எடையோ பெட்டி நீங்கலாகவே 100 கிலோவை எட்டும். திரை, விளக்கு, மத்தளம், ஆர்மோனியம், மாற்றுத் துணி இவையெல்லாம் எங்கே போவது? அன்றியும், பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது பல விமானக் கம்பெனிகளின் விதி. நாலரை அடிப் பொம்மையின் உயரம் மட்டுமே 137 சென்டிமீட்டர். மிஞ்சிய 21 சென்டிமீட்டருக்குள் அதன் தோளையும் மார்பையும் எப்படி அடக்குவது? விதியை வகுத்தவர் எவரும் பாவையை மனத்தில் கொண்டு வகுக்கவில்லை என்பதே இதன் பொருள்.

பணம் கட்டிச் சாமான் அறையில் ஏற்றிவிட்டாலும் கவலை தீர்வதில்லை. தோல் ஈரத்தில் நெகிழும், வறட்சியில் சுருளும், கனத்த பெட்டி மேலே விழுந்தால் மடிந்து வெடிக்கும். பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ நஷ்டஈடு என்ன? 1999-ஆம் வருஷத்து மான்ட்ரீல் ஒப்பந்தத்தின்படி, சர்வதேசப் பிரயாணத்தில் ஒருவருடைய சாமான்களுக்கு விமானக் கம்பெனி பொறுப்பேற்கும் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர்.; அதாவது சுமார் 2,000 அமெரிக்க டாலர். முன்கூட்டியே மதிப்பை அறிவித்து, கேட்கும் கட்டணத்தையும் செலுத்தியவருக்கு மட்டுமே இவ்வரம்பு உயரும். இந்த வசதி உண்டென்று நம் கிராமத்துக் கலைஞருக்கு எடுத்துச் சொல்வார் யார்? ராமனும் சீதையும் அனுமானும் ஒரே பெட்டியில் போய்விட்டால், எத்தனை டாலர் கொடுத்தாலும் அடுத்த வாரம் கூத்து நடக்குமா? புதுப் பாவைகளைச் செய்து முடிக்கும் வரையில் அக்குடும்பத்தின் அடுப்பு எரிவது எப்படி?

சட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பராமாயணத்தைப் பாடி ஆடும் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தில் முற்காலப் பாவைகள் மான்தோலால் ஆனவை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் மான்தோல் கூடாது. ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் அந்த இடத்தைப் பெற்றன. அதே வருஷத்தில் இயற்றப்பட்ட தொல்பொருள் சட்டத்தின்படி, 100 வருஷத்துக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருளைத் தனி மனிதர் அயல்நாட்டுக்குக் கொண்டு செல்லலாகாது. இவ்விரு சட்டங்களும் நியாயமானவை என்பதே நம் அபிப்பிராயம். ஸ்ரீபுரந்தான் நடராஜர் கடத்தப்பட்டு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை சென்று, 2014-இல்தான் நாடு திரும்பினார். அவ்விதக் கொள்ளையைத் தடுக்கக் கடுமையான காவல் வேண்டும். ஆனால் திருடனைப் பிடிக்க விரித்த வலையில் கூத்துக்காரர் சிக்கிக்கொள்வது என்ன நியாயம்? சென்ற வருஷம் செய்த பாவை தொல்பொருளன்று என்று நிரூபிக்கவும், அது ஆட்டுத்தோல்தான் என்று விளக்கவும், அவர் எந்த ஆபீஸுக்கு, எந்த மொழியில் எழுதிய மனுவோடு செல்வார்?

சுங்க விஷயமும் உண்டு. அயல்நாட்டுக்குத் தற்காலிகமாகக் கொண்டுபோய், வரி கட்டாமல் திரும்பக் கொண்டுவரும் பொருள்களுக்கு 'ஏ.டி.ஏ. கார்னே' என்ற பத்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு வருஷம் செல்லும். நம் நாட்டில் இதனை வழங்குவது 'ஃபிக்கி' என்னும் வர்த்தகச் சம்மேளனம். அதைப் பெற ஜாமீன் கொடுக்க வேண்டும். பெரிய வியாபாரிக்கு இது எளிது. திருவிழாவுக்குத் திருவிழா கிடைக்கும் கூலியில் காலம் தள்ளும் கலைஞர் ஜாமீனுக்கு எங்கே போவார்? இதற்கு மேல், ஆஸ்திரேலியா போன்ற தேசங்களில் மரமும் தோலும் கொண்ட பொருள்களைக் கட்டாயம் அறிவித்துப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தெரியாமல் அறிவிக்காது விட்டால் அபராதம். பாவை பறிபோகவும் கூடும்.

இவற்றுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. சங்கீத வித்துவான்கள் இவ்விதச் சங்கடத்தில் சிக்கி, கேட்டுப் பெற்ற உரிமைகளைப் பாருங்கள். அமெரிக்காவில் 2012-இல் சட்டம் இயற்றி, 2015-இல் விதிகளையும் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏறும் சமயத்தில் இடமிருந்தால், பிடில் போன்ற சிறு வாத்தியங்களைப் பிரயாணி தம்மோடு உள்ளே கொண்டுசெல்ல விமானக் கம்பெனிகள் அனுமதித்தே தீர வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்த நாடுகள் 2013-இல் பாங்காக்கில் கூடியபோது, தந்தமும் அரிய மரமும் சேர்ந்த பழைய வாத்தியங்களுக்கு மூன்று வருஷம் வரை பல எல்லைகளைத் தாண்டிச் செல்லும் தனிச் சான்று வழங்க ஏற்பாடு செய்தன. வாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை பாவைக்கு ஏன் கிடைக்கலாகாது? யுனெஸ்கோ ஸ்தாபனம் 2001-இல் சிசிலித் தீவின் பாவைக்கூத்தையும், 2003-இல் இந்தோனேசியாவின் வயாங், ஜப்பானின் புன்ராகு ஆகியவற்றையும் மனித குலத்தின் செல்வங்களாக அறிவித்தது. உலக சபையில் செல்வம். விமானத் தராசில் வெறும் சுமை! இந்த விபரீதம் நீங்க வேண்டாமா?

நாம் கேட்பது நான்கே காரியங்கள். முதலாவது, பாவையைக் கலைஞரின் தொழிற்கருவியாக விமானப் போக்குவரத்து இலாகா அங்கீகரித்து, தோல்பாவைக் கட்டைக் கையோடு கொண்டுசெல்லவும், பெரிய பொம்மைகளைக் குறைந்த கட்டணத்தில் தனிக் கவனத்தோடு ஏற்றவும் விதி செய்ய வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பாவையின் படம், அளவு, செய்த பொருள், செய்த வருஷம் ஆகியவற்றைக் குறித்த சான்றுப் புத்தகம் ஒன்றைச் சர்க்கார் கலைஞருக்கு இலவசமாக வழங்க வேண்டும். தொல்பொருள், வனம், சுங்கம் ஆகிய மூன்று இலாகாக்களும் அதனை ஏற்க வேண்டும். மூன்றாவது, சர்க்கார் அழைப்பின்பேரில் செல்லும் குழுவுக்குச் சர்க்காரே ஜாமீன் நிற்க வேண்டும். அதிகச் சுமைக் கட்டணத்தையும், முழு மதிப்புக்கு இன்ஷியூரன்ஸையும் ஏற்க வேண்டும். நான்காவது, இவ்விதிகளையெல்லாம் எளிய தமிழில் அச்சிட்டு, விண்ணப்பத்தையும் தமிழிலேயே பெற வேண்டும்.

'ஒருவருக்குச் சலுகை கொடுத்தால் ஊரே கலைஞர் என்று வந்து நிற்குமே, பாதுகாப்பு என்னாவது?' என்று சிலர் ஆட்சேபிக்கலாம். பாதுகாப்பில் அணுவளவும் தளர்த்தக் கோரவில்லை. இரும்புக் கம்பிகள் சாமான் அறைக்கே போகட்டும். பாவைக் கட்டை அவிழ்த்துப் பார்க்கட்டும். பார்த்தபின் கட்டியவரே மறுபடி கட்ட அவகாசம் கொடுங்கள் என்றே கேட்கிறோம். பொய்க் கலைஞரை விலக்குவதற்குத்தான் படத்தோடு கூடிய சான்று. மேலும், பாவைக்கூத்துக் குழுக்கள் விமான நிலையத்தை நிரப்பிவிடும் அளவுக்கு நாட்டில் பெருகிக் கிடக்கவில்லை. அவை குறைந்து வருகின்றன என்பதே நம் துயரம்.

தேசபக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. கிராமத்துக் கைத்தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. உங்கள் ஜில்லாவில் எத்தனை பாவைக் குடும்பங்கள் உள்ளன, அவர்களிடம் எத்தனை பாவைகள் எஞ்சியுள்ளன என்று கணக்கெடுங்கள். அவற்றைப் படமெடுத்துப் பட்டியலிட உதவுங்கள். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நம் பிரதிநிதிகளிடம் இந்த நான்கு கோரிக்கைகளையும் எழுத்து மூலம் சேர்ப்பியுங்கள். கலைஞர்களும் தனித்தனியே கெஞ்சுவதை விட்டுச் சங்கமாகச் சேர்ந்து கேட்க வேண்டும். சங்கீதக்காரர்கள் ஒன்றுபட்டுக் கேட்டார்கள், பெற்றார்கள்.

ஒரு தேசத்தின் கௌரவம் அது அயல்நாட்டு மேடையில் ஏற்றும் விளக்கில் மட்டும் இல்லை. அந்த விளக்கின் முன் ஆடும் பாவையையும், அதை ஆட்டும் கையையும் சேதமின்றிக் கொண்டுபோய், சேதமின்றி வீடு சேர்ப்பதிலும் இருக்கிறது. சர்க்கார் இதனை உணர்ந்து விரைந்து செயலாற்றுவார்களாக.