சாறு பொதுவில், சரக்கு தனியில்



தலைப்பைப் பார்த்ததும் "சாருக்கு என்ன ஆச்சு?" என்று சிலர் கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அறுபத்தாறு வயதாகிறது, இன்றுவரை ஒரு சொட்டு குடித்ததில்லை. இனிமேலும் அந்த உத்தேசம் இல்லை. ஆனாலும் வீட்டில் பழச்சாற்றோடு வோட்கா கலப்பதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பெரியக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுடா, நாலு பேருக்குப் புத்தி வரட்டும்" என்றார்.

போன மே மாதம் சென்னையில் அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாயங்காலம் அவனுடைய நண்பர்கள் வருவதாக இருந்தது. ஆரஞ்சு, அன்னாசி, எலுமிச்சை, புதினா எல்லாம் போட்டு ஒரு பெரிய கண்ணாடி ஜக்கில் சாறு செய்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது. அதில் அரை பாட்டில் வோட்கா இருந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பெரியக்காவுக்கு எழுபத்தொரு வயது. பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வெயிலில் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் ஃபிரிட்ஜைத் திறந்து, அந்த ஜக்கிலிருந்து இரண்டு டம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டார். "நல்லா இருக்கு, இஞ்சிதான் கொஞ்சம் தூக்கல்" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்டையில் எரிந்தது இஞ்சி இல்லை.

அரை மணி நேரத்தில் பேச்சு குழறியது. எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை பார்த்தோம், இறங்கவில்லை. அப்படியானால் பக்கவாதம்தான் என்று முடிவுகட்டி மருத்துவமனைக்கு ஓடினோம். "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். "மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் ஜூஸ்" என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவனுக்கு வாய் வந்தது. "டாக்டர், அந்த ஜூஸ்ல வோட்கா இருந்துச்சு."

ஸ்கேனும் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஆனால் இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மது உள்ளே போனால், ஈரல் இரத்தத்துக்குச் சர்க்கரை விடுவது குறையும். மாத்திரையும் வேலை செய்துகொண்டிருக்கும்போது, பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்று டாக்டர் விளக்கினார். அதனால் விடிய விடிய விரலில் குத்திப் பார்த்தார்கள்.

வராந்தாவில் அவனைக் கேட்டேன். "ஏண்டா முதல்லயே சொல்லல?"

"உங்களுக்குப் பயந்துதான் சித்தப்பா."

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிரம்பை உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். அதை வைத்து நான் ஒழுக்கத்தை வளர்த்ததாகத்தான் நினைத்திருந்தேன். ஒளிக்கவும் சேர்த்துக் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருபத்தெட்டு வயதுப் பிள்ளை, பெற்ற தாயைப் போல வளர்த்த அத்தையின் உயிரைவிட, சித்தப்பாவின் கோபத்துக்கு அதிகமாகப் பயந்திருக்கிறான்.

இனி கணக்குக்கு வருவோம். நம் வகுப்பில் போட்ட விழுக்காட்டுக் கணக்குதான். ஜக்கில் இருந்தது ஒன்றரை லிட்டர். அதில் வோட்கா 375 மி.லி. நம் நாட்டு பாட்டில்களில் வழக்கமாக 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். ஆக ஜக்கில் சுத்த ஆல்கஹால் சுமார் 160 மி.லி. அக்கா குடித்தது அரை லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆல்கஹால் 53 மி.லி.க்கு மேல். குடிக்கிறவர்கள் பாஷையில் சொன்னால் 30 மி.லி. சின்ன பெக் நான்குக்கும் கூட. 5 விழுக்காட்டு பீர் என்றால் 650 மி.லி. பாட்டில் ஒன்றரைக்கும் மேல். வாழ்நாளில் குடித்தறியாத எழுபத்தொரு வயது உடம்பு பத்து நிமிடத்தில் அதை வாங்கிக்கொண்டது.

பீரோ பிராந்தியோ என்றால் முகத்துக்கு அருகே கொண்டுபோனதும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். வோட்கா அப்படியில்லை. நிறம் கிடையாது, வாசனையும் குறைவு. ரஷ்ய மொழியில் தண்ணீரைக் குறிக்கும் 'வதா' என்ற சொல்லிலிருந்துதான் அதன் பெயரே வந்தது. புளிப்பும் இனிப்பும் உள்ள பழச்சாற்றில் கலந்தால் நாக்கு ஏமாந்துபோகும். பழச்சாறு அதன் வேகத்தைக் குறைக்காது, மறைக்கத்தான் செய்யும். குடிக்கிறவனுக்கே அளவு தெரியாது என்றால், தெரியாமல் எடுப்பவர் கதி?

"வீட்டுக்குள்ளேயே விடக்கூடாது சார்" என்று சிலர் எழுதுவீர்கள். குடிக்காமல் இருப்பதே நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என உலகச் சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. ஆனால் அண்ணன் வீட்டிலும் "கூடாது" என்றுதான் சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் பாட்டிலைத் தடுக்கவில்லை, உண்மையைச் சொல்லும் வாயைத்தான் அடைத்தது.

மறு வாரம் அவனைக் கூப்பிட்டு, "எப்படிக் கலக்கிறாய், என் எதிரில் செய்து காட்டு" என்றேன். செய்தான். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த வீட்டுக்குச் சில விதிகள் எழுதினோம். குடிப்பதை விடாதவர்கள் உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஜக்கில் சாறு மட்டுமே இருக்க வேண்டும். வோட்காவை அவரவர் டம்ளரில் மட்டும் ஊற்ற வேண்டும். சாறு பொதுவில், சரக்கு தனியில்.

2. கண்ணளவு கூடாது. மருந்து மூடியோ அளவுக் குவளையோ வைத்து 30 மி.லி. அளந்து, அதைப்போல் நான்கு மடங்கு சாறு ஊற்றுங்கள்.

3. கலந்தது மிஞ்சினால் தொட்டியில் கொட்டுங்கள். ஃபிரிட்ஜுக்குப் போகக்கூடாது.

4. சர்க்கரை மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், 21 வயது ஆகாதவர்களுக்கும் கிடையாது. வண்டி ஓட்ட வேண்டியவருக்கும் அன்று கிடையாது.

5. யாருக்கு எதைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். "சும்மா ஜாலிக்கு" என்று சொல்லாமல் கொடுப்பது விளையாட்டு இல்லை, குற்றம்.

பெரியவர்களுக்கு ஒன்று. பிள்ளை வந்து "தப்பு செய்துவிட்டேன்" என்று சொன்னால் முதலில் காது கொடுங்கள். திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இதை எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.

பெரியக்கா இப்போது நலம். ஃபிரிட்ஜில் எதை எடுத்தாலும் "இதுல என்னடா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார். அவனும் ஒளிக்காமல் பதில் சொல்கிறான்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்