பிந்திய பாடல்களையும் கேளுங்கள்



ஜெத்ரோ டல் என்னும் பிரித்தானிய ராக் இசைக்குழுவை உங்களுள் சிலர் இளமையில் கேட்டிருப்பீர்கள். அதன் பாடகரும் புல்லாங்குழல் கலைஞருமான இயன் ஆண்டர்சன், 1971இல் வெளியான 'அக்வாலங்' இசைத்தொகுப்பில் நிறுவனச் சமயத்தைக் கடுமையாகச் சாடினார். பலர் அவரை அந்த ஆண்டிலேயே நிறுத்திவிட்டனர். பிந்திய தொகுப்புகளைக் கேட்பதில்லை. அது பேரிழப்பு என்பேன்.

2022இல் வெளிவந்த 'தி ஜீலட் ஜீன்' தொகுப்பைக் கேளுங்கள். சினம், பொறாமை, அன்பு முதலிய மனித உணர்வுகளைப் பட்டியலிட்டு, அவற்றுக்குரிய பகுதிகளை விவிலியத்தில் தேடி, அவர் பாடல்களை இயற்றினார். மலைமேல் மோசே, மகப்பேறற்ற எலிசபெத்து, பாலைநிலத்து யோவான், காட்டிக்கொடுக்கப்பட்ட இயேசு ஆகியோர் அங்கே வருகின்றனர். பழைய குரல் இப்போது இல்லை. நுரையீரல் நோயுற்ற முதியவரின் குரல் அது. உச்சத்தை எட்டாவிடினும் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உரைக்கிறது. குழலோ இன்னும் தளரவில்லை.

ஆண்டர்சன் மனந்திரும்பிவிட்டார் என நான் கூறவில்லை. அவர் தம்மை விசுவாசி என்று அழைத்துக்கொள்வதுமில்லை. ஆயினும் திருச்சபையைக் கேள்வி கேட்ட அவர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விவிலியத்தை மூடிவைக்கவில்லை. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் இங்கிலாந்தின் பேராலயங்களில் இசைத்து, அவற்றுக்காக நிதியும் திரட்டுகிறார்.

உங்கள் மகனோ மகளோ "இனித் திருப்பலிக்கு வரமாட்டேன்" என்று கூறியிருக்கலாம். அந்த நாளிலேயே அவர்களை நிறுத்திவிடாதீர்கள். வினவுகிறவர் எல்லாரும் விலகிச் சென்றவர் அல்லர். அவர்களுடைய பிந்திய பாடல்களையும் கேட்கக் காத்திருங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.